ரிக் ஓரிடம், ராயல்டி வேறிடம்

லூசியானா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஷ்ரீவ்போர்ட் நகருக்குத் தெற்கே டிசோட்டோ பாரிஷ் இருக்கிறது. நாம் மாவட்டம் என்பதை அங்கே பாரிஷ் என்கிறார்கள். பைன் காடுகளும் மாட்டுப் பண்ணைகளுமான பகுதி. அங்கே நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருடைய வேலிக்குள்ளேயே எரிவாயு நிறுவனத்தின் துரப்பண ரிக் நிற்கலாம். இரைச்சல், வெளிச்சம், லாரிப் புழுதி எல்லாம் அவருக்கு. வாயு வரத் தொடங்கியதும் ராயல்டி மட்டும் தெற்கே ஒரு மைல் தள்ளி நிலம் வைத்திருப்பவருக்குப் போகலாம். அந்த ஆள் ரிக்கைப் பார்த்திருக்கவே மாட்டார். பாட்டி விட்டுப்போன நிலத்துக்கு மாதாமாதம் காசோலை வாங்கிக்கொண்டு டாலஸிலோ சிகாகோவிலோ குடியிருப்பார்.

இதில் மோசடி ஒன்றுமில்லை. எந்தக் கிணறு யாருக்குப் படியளக்கும் என்பதைத் தரைக்கு மேலே தெரியும் எதுவும் முடிவு செய்வதில்லை. மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் ஓடும் ஒரு துளையும், அரசு அலுவலக வரைபடத்தில் இருக்கும் ஒரு சதுரமும்தான் முடிவு செய்கின்றன. இந்த இரண்டையும் படிக்கத் தெரியாத நிலக்காரர் நிறுவனம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாடு. காவிரிப் படுகையில் ஒருவர் வயலில் ஓஎன்ஜிசி கிணறு தோண்டினால், மேல்நிலத்தைப் பயன்படுத்துவதற்கான தொகைதான் அவருக்கு. எரிவாயுவுக்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகும். அமெரிக்காவில் தனியார் நிலத்தின் அடியில் இருப்பதன் மீதான உரிமை பொதுவாக நிலத்தோடு சேர்ந்தது. அதைத் தனியே பிரித்து விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், குத்தகைக்கும் விடலாம். குத்தகை எடுக்கும் நிறுவனம் கையெழுத்தான அன்று ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு போனஸ் தரும். பிறகு வாயு கிடைத்தால் விற்பனையில் ஒரு பங்கு. பழைய காலத்தில் எட்டில் ஒன்று என்பது வழக்கமான பங்கு. 2008 மார்ச்சில் செசபீக் எனர்ஜி நிறுவனம் இந்தப் பகுதியின் அடியில் கிடக்கும் ஹெயின்ஸ்வில் களிப்பாறையைப் பற்றி அறிவித்ததும் டிசோட்டோ, காடோ, போசியர், ரெட் ரிவர் பாரிஷ்களில் வந்த வெறியில் அது நான்கில் ஒன்றுக்கு ஏறியது. சில நூறு டாலராக இருந்த போனஸ் அந்தக் கோடைக்குள் ஏக்கருக்கு 10,000 டாலரைத் தாண்டியது.

சரி, என் நிலத்தின் அடியில் இருக்கும் வாயுவுக்கு என் பங்கு. இதில் வரைபடச் சதுரம் எங்கிருந்து வந்தது?

பக்கத்து வயல்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டால் நம் கிணறு வற்றிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையில் வாயு அழுத்தம் குறைந்த பக்கம் நகரும். நான் என் எல்லையோரம் துளை போட்டால் உங்கள் நிலத்தடி வாயுவும் என் குழாய் வழியே வரும். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1889-இல் டிவிட் வழக்கில் எண்ணெயையும் வாயுவையும் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டது. என் நிலத்தில் இருக்கும்வரை அது என்னுடையது. வேலி தாண்டிப் போய்விட்டால் பிடித்தவருக்குச் சொந்தம். பிடித்தவன் விதி என்று அழைக்கப்படும் இந்தக் கோட்பாடு ஒவ்வொரு நிலக்காரரையும் அவசரப்படுத்தியது. நாம் தோண்டாவிட்டால் அவன் தோண்டிவிடுவான். இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு டிசோட்டோவிலிருந்து அதிக தூரமில்லாத டெக்சஸின் கில்கோர் நகரமே சாட்சி. 1930-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த ஊர் நடுவே, ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர் நிலத்தில், 24 கிணறுகள் முட்டிக்கொண்டு நின்றன. உலகின் செல்வமிக்க ஏக்கர் என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். உண்மையில் அது வீணாக்கலின் நினைவுச்சின்னம். ஒரே எண்ணெயை உறிஞ்ச இத்தனை கிணறுகள் தேவையே இல்லை. அழுத்தம் சீக்கிரமே விழுந்து நிலத்தடியில் பாதி சிக்கிக்கொள்ளவும் அதுதான் வழி.

லூசியானா 1940-இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கிணறு திறமையாகவும் சிக்கனமாகவும் வடிக்கக்கூடிய அதிகபட்சப் பரப்பை ஒரு துரப்பண யூனிட்டாகக் கன்சர்வேஷன் கமிஷனர் வரையறுக்கலாம் என்றது அந்தச் சட்டம். யூனிட்டுக்குள் நிலம் வைத்திருக்கும் எல்லோரும், கிணறு யார் நிலத்தில் இருந்தாலும், ஏக்கர் விகிதத்தில் பங்கு பெறுவார்கள். ஒப்புக்கொள்ளாதவரையும் சேர்த்துத்தான். குத்தகைக்கே விடாதவருக்கும் பங்கு உண்டு; கிணற்றுச் செலவில் அவர் பங்கு கழிந்த பிறகே பணம் வரும். போட்டி போட்டுத் தோண்டுவதில் லாபமில்லாமல் போயிற்று.

ஹெயின்ஸ்வில் பகுதியில் இந்த யூனிட்டுகளுக்கு ஆயத்தமான கோடுகள் ஏற்கெனவே இருந்தன. 1785-இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட நில அளவைத் திட்டப்படி, ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் மைலுக்கு மைல் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், கீழ் வரிசையில் கிழக்கே திரும்பி, உழுசால் போல வளைந்து வளைந்து 36-இல் முடியும். களிப்பாறைக் காலத்தில் கமிஷனர் பெரும்பாலும் ஒரு செக்‌ஷனை அப்படியே ஒரு யூனிட்டாக அறிவித்தார். ஆகவே நிலக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் முகவரி வீட்டு முகவரியல்ல. செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற மூன்று எண்கள். பத்திரத்திலும் வரி ரசீதிலும் அவை இருக்கும்.

கணக்கு எளிது. செக்‌ஷன் 9-இல் நாற்பது ஏக்கர், குத்தகையில் ராயல்டி நான்கில் ஒன்று. 40-ஐ 640-ஆல் வகுத்து 0.25-ஆல் பெருக்கினால் 0.015625. டிவிஷன் ஆர்டர் என்று நிறுவனம் அனுப்பும் தாளில் இந்தத் தசமம்தான் இருக்க வேண்டும். அந்த யூனிட்டின் கிணறு நாளுக்கு ஒரு கோடி கன அடி வீதம் மாதத்துக்கு 30 கோடி கன அடி தந்து, ஆயிரம் கன அடி 3 டாலருக்கு விற்றால் மொத்தம் 9 லட்சம் டாலர். அதில் இவர் பங்கு 14,062 டாலர் 50 சென்ட். நிலம் முழுதும் இவருடையதாக இருந்தும் அடியில் உள்ள உரிமையில் பாதியை முன்னோர் எவரோ விற்றிருந்தால், நாற்பதுக்குப் பதில் இருபது என்று போட வேண்டும். 640 என்பதும் காகிதக் கணக்குதான். பழைய அளவைப் பிழைகளாலும், ஆற்றோரங்களில் பிரெஞ்சு, ஸ்பானியக் காலத்து நிலங்கள் குறுக்கே வருவதாலும் பல செக்‌ஷன்கள் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். யூனிட்டின் சரியான பரப்பு அளவையரின் வரைபடத்தில் இருக்கும். வகுக்க வேண்டியது அந்த எண்ணால்தான்.

இங்கே அறிவியல் சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஓர் இடம் வருகிறது.

யூனிட் என்ற ஏற்பாட்டின் நியாயமே வாயு நகரும் என்பது. ஹெயின்ஸ்வில் பாறையில் வாயு நகராது. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலக் கடலடியில் படிந்த சேறு இறுகிய பாறை அது. பத்தாயிரம் அடிக்கும் கீழே கிடக்கிறது. அதன் துளைகள் நானோமீட்டர் அளவின. நல்ல மணற்பாறையோடு ஒப்பிட்டால் அதன் ஊடுருவு திறன் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீத்தேனில் ஒரு பகுதி துளைகளில் அடைபட்டிருக்கிறது. மற்றொரு பகுதி கரிமப் பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைத்தால் மட்டுமே வெளியே வரும், அதுவும் விரிசல் எட்டிய இடத்திலிருந்து. கிணற்றின் இருபுறமும் சில நூறு அடிக்கு அப்பால் இருக்கும் வாயுவுக்குக் கிணறு இருப்பதே தெரியாது. ஒரு மைல் அகலச் சதுரத்தை ஒரே கிணறு வடிக்கும் என்பது இந்தப் பாறையில் கற்பனை.

ஆனாலும் அந்த ஒரே கிணற்றின் பணம் 640 ஏக்கருக்கும் பிரிகிறது. செக்‌ஷனின் மேற்கு ஓரத்தில் கிணறு ஓடினால், கிழக்கு ஓரத்துக்காரர் தன் வாயு ஒரு துளிகூடக் குறையாமல் பங்கு வாங்குகிறார். மேற்கு ஓரத்துக்காரருக்கு இது அநியாயமாகத் தோன்றும். நீண்ட காலக் கணக்கில் இது சமன்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. அதே யூனிட்டில் பக்கம் பக்கமாக ஐந்து, ஆறு, எட்டுக் கிணறுகள் வரை போடலாம். முதல் கிணற்றுக்குப் பிறகு வருபவற்றை மாற்றுக் கிணறுகள் என்று பதிவேட்டில் குறிப்பார்கள். எல்லாக் கிணறுகளின் பணமும் எல்லோருக்கும் பிரியும்போது கணக்கு நேராகும். பல யூனிட்டுகளில் அது வெகுநாள் நடக்கவில்லை. 2008-இல் எழுதிய குத்தகைகள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கெடு உடையவை. கெடுவுக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் குத்தகை போய்விடும். அதனால் 2009 முதல் 2011 வரை நிறுவனங்கள் செக்‌ஷனுக்கு ஒரு கிணறு வீதம் ஓடி ஓடித் தோண்டிக் குத்தகையைப் பிடித்து வைத்துக்கொண்டன. 2011-இல் நாட்டிலேயே அதிக வாயு தரும் களிப்பாறையாக ஹெயின்ஸ்வில் ஆனதும் அந்த ஓட்டத்தால்தான். 2008 கோடையில் 13 டாலர்வரை போயிருந்த வாயு விலை 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே விழுந்தபோது ரிக்குகள் கிளம்பிப் போயின. மீதிக் கிணறுகளுக்காக நிலக்காரர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ரிக் நிற்கும் இடத்துக்கும் ராயல்டிக்கும் ஏன் தொடர்பில்லை என்பதை இப்போது சொல்லலாம். கிணறு செங்குத்தாக இறங்கி, பாறையை நெருங்கும்போது வளைந்து, பிறகு படுக்கையாக ஓடுகிறது. இந்தப் பகுதியில் பாறையின் மீதான கிடை அழுத்தம் கிழக்கு மேற்காக அதிகம். விரிசல்கள் அந்தத் திசையில்தான் ஓடும். அவற்றைக் குறுக்கே வெட்டிப் போவதற்காகக் கிணறுகளை வடக்கு தெற்காகப் போடுகிறார்கள். குழாயில் வாயு நுழைவது துளையிட்ட பகுதியில் மட்டும். செங்குத்துப் பகுதியிலும் வளைவிலும் துளை கிடையாது. ரிக் செக்‌ஷன் 4-இன் தென்கோடியில் நின்று, வளைவு அங்கேயே முடிந்து, துளைகள் 9-இல் தொடங்கினால், 4-இல் உள்ளவருக்கு அந்தக் கிணற்றிலிருந்து ராயல்டி இல்லை. தன் மேல்நிலத்தைக் கொடுத்ததற்கு ஒரு தொகை வாங்கியிருப்பார், அவ்வளவே.

தொடக்கத்தில் துளைகள் யூனிட் எல்லையிலிருந்து 330 அடியாவது உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மைல் என்பது 5,280 அடி. இரு முனையும் கழிந்தால் 4,620 அடிதான் பயன்படும். இரண்டு செக்‌ஷன்களுக்கு நடுவே 660 அடி அகலத்துக்கு யாரும் தொடாத பட்டை கிடந்தது. பின்னாளில் எல்லையைக் கடந்து இரண்டு, மூன்று செக்‌ஷன்களில் ஓடும் நீண்ட கிணறுகள் வந்தன. பத்தாயிரம் அடிப் படுக்கை இப்போது அங்கே சாதாரணம். இத்தகைய கிணற்றின் உற்பத்தியை, ஒவ்வொரு யூனிட்டிலும் உள்ள துளையிட்ட நீளத்தின் விகிதத்தில் முதலில் யூனிட்டுகளுக்குப் பிரிக்கிறார்கள். அதன் பிறகே ஏக்கர் விகிதம். நம் நாற்பது ஏக்கர்க்காரரின் செக்‌ஷன் 9-இல் 4,050 அடி, அடுத்த 16-இல் 4,950 அடி என்றால், 9-க்கு 45 விழுக்காடு. அவருடைய தசமம் 0.00703125 ஆகிவிடும்.

இந்தத் தாள் வந்ததும் பலர் பதறுகிறார்கள், பங்கைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள் என்று. வெட்டவில்லை. கிணறு இருமடங்கு நீளம். வாயுவும் ஏறக்குறைய இருமடங்கு வர வேண்டும். சரிபார்க்க வேண்டியது வேறொன்று. அனுமதி வாங்கும்போது போட்ட திட்ட நீளத்தையும், தோண்டி முடித்த பின் அளந்த உண்மை நீளத்தையும் ஒப்பிட வேண்டும். கிணறு எப்போதும் காகிதத்தில் வரைந்தபடி போய் முடிவதில்லை. முன்னூறு அடி குறைந்தாலும் தசமம் மாறும். பணம் பிரிய வேண்டியது உண்மை நீளத்தின்படி.

இத்தனைக்கும் ஆதாரம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. சோன்ரிஸ் என்ற பெயரில் மாநில அரசே ஓர் இணையத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அனுமதி, யூனிட் ஆணை, வரைபடம், மாதவாரி உற்பத்தி எல்லாம் அதில் உண்டு. கிணறுகளின் பெயர்தான் முதலில் மிரட்டும். எச்ஏ ஆர்ஏ எஸ்யூ என்று தொடங்கினால் ஹெயின்ஸ்வில் அடுக்கின் யூனிட். அடுத்து ஓர் எழுத்தோ எண்ணோ அந்த யூனிட்டின் அடையாளம். பிறகு பெரும்பாலும் ஒரு நிலக்காரரின் பெயர். பெயர் கிணற்றில் இருப்பதால் அவருக்குக் கூடுதலாக ஒரு சென்ட்கூட வராது. 9&16-15-14 எச்சி என்றிருந்தால் செக்‌ஷன் 9-லும் 16-லும் ஓடும், எல்லை கடக்கும் கிணறு; டவுன்ஷிப் 15, ரேஞ்ச் 14. வெறும் எச் என்றால் ஒரே யூனிட்டுக்குள் அடங்கிய படுக்கைக் கிணறு. கடைசியில் ஆல்ட் என்று முடிந்தால் மாற்றுக் கிணறு.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். யூனிட் எழுத்துகள் ஒவ்வொரு வாயு வயலுக்கும் தனித்தனி. எல்ம் குரோவ் வயலில் உள்ள எஸ்யூஎஃப்பும் பெத்தனி லாங்ஸ்ட்ரீட் வயலில் உள்ள எஸ்யூஎஃப்பும் வெவ்வேறு இடங்கள். வயலின் பெயரைப் பாராமல் எழுத்தை மட்டும் பார்த்தவர் யாரோ ஒருவருடைய கிணற்றின் உற்பத்தியைத் தன்னுடையதென்று எண்ணி மாதக்கணக்கில் சண்டை போடுவார். இன்னொன்று, யூனிட் என்பது பரப்பு மட்டுமல்ல, ஆழமும் சேர்ந்தது. ஒரே நாற்பது ஏக்கர் மேலே ஹாஸ்டன் அடுக்கில் ஒரு யூனிட்டிலும், அதற்குக் கீழே காட்டன் வேலியில் இன்னொன்றிலும், ஹெயின்ஸ்வில்லில் மூன்றாவதிலும் இருக்கலாம். மூன்றின் எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1970-களில் தாத்தா காலத்தில் தோண்டிய கிணற்றிலிருந்து இன்றும் சில டாலர் சொட்டிக்கொண்டிருக்கும். அதன் தசமத்தைப் புதிய கிணற்றின் தசமத்தோடு ஒப்பிட்டுக் குழம்புவதில் பொருளில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, யூனிட்டுக்குள் துளை இல்லாத கிணற்றுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காசோலையில் பெயர் இல்லாத கிணறும் காசோலையைக் குறைக்கும். பழைய கிணற்றைச் சுற்றியுள்ள பாறையில் வாயு வெளியேறி அழுத்தம் விழுந்திருக்கும். பக்கத்து யூனிட்டில், எல்லையோரமாக, புதுக் கிணற்றை உடைக்கும்போது விரிசல்கள் எதிர்ப்புக் குறைந்த அந்தப் பக்கம் நோக்கியே ஓட விரும்பும். தண்ணீரும் மணலும் பழைய கிணற்றுக்குள் புகுந்துவிடுவதுண்டு. ஃபிராக் ஹிட் என்று எண்ணெய் வட்டாரத்தில் இதைச் சொல்வார்கள். சில கிணறுகள் அதன் பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. சில அபூர்வமாகக் கூடுதலாகவும் தருகின்றன. இந்தப் பயத்தால், பக்கத்தில் உடைப்பு வேலை நடக்கும் வாரங்களில் பழைய கிணறுகளை மூடி வைப்பது வழக்கம். இரண்டு மூன்று மாதம் பிந்தி வரும் காசோலையில் திடீரென்று ஒரு மாதம் சுன்னம் விழுந்திருந்தால், அந்த மாதம் பக்கத்துச் செக்‌ஷனில் என்ன நடந்தது என்று சோன்ரிஸில் பார்ப்பது நல்லது.

சரிவு எல்லாமே அயலாரால் வருவதல்ல. ஹெயின்ஸ்வில் கிணறுகள் முதல் ஆண்டிலேயே உற்பத்தியில் பாதிக்கு மேல் இழப்பவை. அந்தப் பாறையில் அழுத்தம் மிக அதிகம். தொடக்கத்தில் வால்வை அகலத் திறந்து பெரிய எண்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். அழுத்தம் சடாரென்று விழுந்ததும் விரிசல்களைத் தாங்கி நிற்கும் மணல் நொறுங்கி, பாறைக்குள் அமுங்கி, வழி அடைபட்டது. 2010 வாக்கில் பெட்ரோஹாக் முதலிய நிறுவனங்கள் வால்வைச் சுருக்கி மெல்லத் திறக்கும் முறைக்கு மாறின. முதல் காசோலை சிறியது, ஓட்டம் நீளமானது. முதல் மாதத் தொகையை வைத்துப் புதிய டிரக்குக்குத் தவணை கட்டத் தொடங்கியவர்களின் கதைகள் அந்தப் பக்கம் ஏராளம்.

யூனிட் எல்லை பணத்தோடு நிற்பதுமில்லை. உரிமை பிழைப்பதும் போவதும் அதைப் பொறுத்தே. ஒருவருக்கு மூன்று செக்‌ஷன்களில் நிலம். ஒரே குத்தகையில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு செக்‌ஷனின் யூனிட்டில் மட்டும் கிணறு ஓடுகிறது. மற்ற இரண்டும் குத்தகையிலிருந்து விடுபடுமா? ஹண்டர் கம்பெனிக்கும் ஷெல் ஆயிலுக்கும் நடந்த வழக்கில் லூசியானா உச்ச நீதிமன்றம் விடுபடாது என்று 1947-இல் சொல்லிவிட்டது. அந்த ஆண்டிலேயே, அதே மாநிலத்தின் குரௌலி ஊர் வழக்கறிஞர் லாரன்ஸ் பியூ, யூனிட்டுக்கு வெளியே உள்ள நிலம் கெடு முடிந்ததும் விடுபடும் என்று குத்தகையில் சேர்க்க ஒரு வாசகம் எழுதினார். இன்று அமெரிக்கா முழுதும் அதற்குப் பியூ ஷரத்து என்றே பெயர். அது இல்லாத குத்தகையில் கையெழுத்திட்டவர், தோண்டாத நிலத்துக்குப் புதிய போனஸும் வாங்க முடியாமல் ராயல்டியும் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிலத்தை விற்றும் அடியுரிமையைத் தனக்கென்று வைத்துக்கொண்டவருக்கு இதைவிடக் கூர்மையான கத்தி. லூசியானாவில் அந்த உரிமை பத்தாண்டு பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அழிந்து, இப்போதைய நிலச் சொந்தக்காரருக்குப் போய்விடும். வேறொருவர் நிலத்தில் உள்ள யூனிட் கிணறு, அந்த யூனிட்டுக்குள் அடங்கிய ஏக்கர்களுக்கு மட்டுமே கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏக்கர்களுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாநில எல்லையைத் தாண்டி டெக்சஸின் பனோலா, ஷெல்பி கவுண்டிகளுக்குப் போனால் பாறை அதேதான். ஆனால் அங்கே செக்‌ஷன் சதுரங்களும் இல்லை, அரசு வரைந்து தரும் யூனிட்டும் நடைமுறையில் இல்லை. குத்தகையில் உள்ள சேர்ப்பு ஷரத்தின்படி நிறுவனமே கோடு போட்டுக் கவுண்டி ஆவணங்களில் பதிகிறது. அங்கே நிலக்காரர் தேட வேண்டிய தாள் அதுதான்.

லூசியானாவில் தசமம் தவறு என்று தெரிந்தால் உடனே வழக்குப் போட முடியாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; பதில் தர அவர்களுக்கு 30 நாள். அந்தக் கடிதத்தில் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், வயல் பெயர், யூனிட் எழுத்து, கிணற்றின் வரிசை எண், தன் ஏக்கர், குத்தகையில் உள்ள பங்கு இத்தனையும் எழுதி, தான் போட்ட வகுத்தலையும் கீழே காட்டியிருந்தால், எதிர்முனையில் இருக்கும் ஊழியர் அதை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.